கொர்ஃபக்கான் வரை அவர் சொன்ன வழி

வழி சொல்வதில் என் கணவரை மிஞ்ச ஆள் கிடையாது. இருபத்திரண்டு வருஷம் மலையிலிருந்து துபாய்க்கு லாரியில் கல் ஏற்றியவர். தைத் என்ற ஊரைத் தாண்டி மலைக்குள் இருக்கும் கல் உடைக்கும் கிரஷரில் ஜல்லி ஏற்றி, அல் கூஸில் கான்கிரீட் கலக்கும் இடங்களில் கொண்டுபோய்க் கொட்டுவது வேலை. ஒரு நாளைக்கு இரண்டு நடை. சில மாதங்கள் திப்பா துறைமுகத்துக்கும் ஓட்டம் இருக்கும். அந்தப் பாதையில் எந்த இடத்தில் பிரேக் மேல் கால் வைக்க வேண்டும், எந்த ஏற்றத்தில் வண்டி மூச்சுத் திணறும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எனக்கு வழி சொன்னபோது அவருக்குச் சாலை தெரியவில்லை. சர்க்கரை வலது கண்ணை முழுசாக எடுத்துவிட்டது. இடது கண்ணில் ஈரத் துணிக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி வெளிச்சம் மட்டும் தெரிகிறது என்பார். லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். இதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனி விசாவை ரத்து செய்துவிட்டது. புதன்கிழமை காலை திருச்சிக்கு விமானம்.

நான் ஷார்ஜாவில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிறேன். வந்து ஆறு வருஷம் ஆகிறது. அவரோடு நானும் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவள் முடிக்கும்வரை ஒருவராவது இங்கே இருந்தாக வேண்டும். நான் வருவதற்கு முன் பதினாறு வருஷம் அவர் இங்கேயும் நாங்கள் ஊரிலேயும் இருந்ததுபோல, இனி நான் இங்கேயும் அவர் ஊரிலேயும்.

முந்தின நாள் மதியம் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "எழுதிக்க புள்ள" என்றார். கைக்கு அகப்பட்ட எக்ஸ்ரே கவரின் பின்பக்கத்தில் எழுதினேன்.

"தைத் ரோட்டைப் பிடி. ஒட்டகம் கட்டிப் போட்டிருக்கிற பண்ணையெல்லாம் வரும், அங்க நிக்காத. தைத் தாண்டினா மண்ணு சிவப்பா இருக்கும். சிவப்பு முடிஞ்சு கல்லா மாறுற இடத்துல வலது கைப் பக்கம் பாகிஸ்தான் பட்டாணி ஒருத்தனோட டீக்கடை. வெளியில கயித்துக் கட்டில் கிடக்கும். முதல் ஸ்டாப் அதுதான்."

இப்படியே எட்டு இடங்கள் சொன்னார். கடை, சந்தை, ஒரு வளைவு, திப்பா கடல், பிதியாவில் இருக்கும் பழைய மண் பள்ளிவாசல், கொர்ஃபக்கான் கடற்கரை என்று போனது. எத்தனையாவது கிலோமீட்டர் என்று ஒரு இடத்துக்கும் சொல்லவில்லை. "காதுல அடைக்கிற மாதிரி இருக்கும், அப்ப ஏத்தம் முடியுதுன்னு அர்த்தம்" என்பதுபோலத்தான் சொன்னார்.

"இதையெல்லாம் நீங்க இறங்கிப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க? லோடு வண்டியை நிறுத்திட்டுக் கடல் பார்க்க முடியுமா? எல்லாம் கேபின்ல இருந்து பார்த்ததுதான்."

எனக்கு லைசென்ஸ் கிடைத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஐந்தாவது டெஸ்டில் தேறினேன். ஒரு சின்னக் காரை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். போனில் மேப் போட்டதும் அந்தப் பெண் குரல் பேச ஆரம்பித்தது.

"அந்தப் பொம்பளையை வாயை மூடச் சொல்லு. நான் இருக்கேன்ல" என்றார். அணைத்துவிட்டேன்.

தைத் வரைக்கும் நன்றாகத்தான் போனது. ஜன்னலை இறக்கிவிட்டு முகத்தை வெளியே காட்டியபடி வந்தார். தீவனக் கட்டுகளின் வாசனை வந்ததும், "தைத் மார்க்கெட்டு. இடது பக்கமா ஒதுங்கிப் போ, பிக்கப்காரனுங்க திடீர்னு வெளிய வருவானுங்க" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, ஒரு பிக்கப் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

சிவப்பு மணல் முடிந்து கல் தொடங்கியது. வலப்பக்கம் பார்த்தபடி வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனேன். கடையைக் காணவில்லை. கம்பி வேலி போட்டிருந்தது. வேலிக்குள் இடித்த சிமெண்ட் குவியல், அதன் மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. இது வேறு இடமாக இருக்கும் என்று இன்னும் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தேன். வேறு எதுவும் இல்லை. காரை ஓரமாக நிறுத்தினேன்.

அவர் கதவைத் திறந்து இறங்கி நின்றார். "என்ன, அடுப்புப் புகையே வரலை?"

அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்ல வரவில்லை. "கடை சாத்தியிருக்குங்க. இன்னிக்கு லீவு போல" என்றேன்.

"பட்டாணி லீவு விடமாட்டானே" என்றவர், வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பினார். "கட்டில் வெளியில கிடக்கா?"

"கிடக்குங்க."

"எத்தனை?"

"மூணு."

தலையை ஆட்டிக்கொண்டு காரில் ஏறினார். கட்டிலைக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு பொய்யோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

அடுத்தது மசாஃபிக்கு முன்னால் இருக்கும் சந்தை. வெள்ளிக்கிழமைச் சந்தை என்று பெயர், ஆனால் எல்லா நாளும் உண்டு. சாலையின் இரு பக்கமும் கம்பளம், பூந்தொட்டி, மாம்பழம், வாழைத்தார். நாங்கள் போனபோது எங்களுடையதோடு சேர்த்து நான்கு கார்கள்தான் நின்றன. இறங்குவதற்குள் ஆறு கடைக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். அதில் வயதான ஒரு பங்களாதேஷ்காரர் என் கணவரைப் பார்த்ததும் நின்று, "டிரைவர் பாய்!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மலைப் பாதையில் லோடு ஓட்டிய நாட்களில் என் கணவர் கேபினில் இருந்தபடியே அவரிடம்தான் பழம் வாங்குவாராம்.

அவருடைய கடைக்குள் உட்காரவைத்து ஆளுக்கொரு மாம்பழம் நறுக்கிக் கொடுத்தார். வியாபாரம் எப்படி என்று என் கணவர் கேட்க, அவர் கையை விரித்தார். கொர்ஃபக்கானுக்கு நேராகப் புது ரோடு போட்ட பிறகு ஜனங்கள் இந்தப் பக்கம் வருவதே இல்லை, மலையைக் குடைந்து போட்டிருக்கிறார்கள், முக்கால் மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடுகிறார்கள், எங்களிடம் யார் நிற்பார்கள் என்று ஹிந்தியில் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில், "அந்தப் பட்டாணிகூடப் போய்விட்டான். கடையை இடித்து ஆறு மாசம் ஆச்சே. பெஷாவர் போனவன் போன்கூட எடுப்பதில்லை" என்றார்.

என் கையில் மாம்பழத் துண்டு அப்படியே இருந்தது. என் கணவர் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. "அச்சா, அச்சா" என்று கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது கடைக்காரரின் தோளைத் தொட்டு, ஊருக்குப் போகிறேன், திரும்பி வருவதில்லை என்று மட்டும் சொன்னார். கடைக்காரர் ஒரு பை நிறைய வாழைப்பழத்தைக் காரில் வைத்துவிட்டுப் போனார்.

கார் நகர்ந்து கொஞ்ச தூரம் போனதும் என் கணவர் கேட்டார். "மூணு கட்டிலா கிடந்துச்சு?"

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

"எனக்கு இனிமே உன் வாய்தான் கண்ணு. அதுல பொய் வந்தா நான் எதைப் பார்க்கிறது? இடிஞ்சு கிடந்தா இடிஞ்சு கிடக்குன்னு சொல்லு புள்ள."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அப்படிச் சொல்லவில்லை. சரிங்க என்றேன்.

மசாஃபி ரவுண்டானாவில் இடது பக்கம் திரும்பினால் திப்பா சாலை. இரண்டு பக்கமும் பொட்டல் மலை. புல் பூண்டு கிடையாது. உடைத்து அடுக்கிய மாதிரி பாறை. நான் பார்ப்பதை எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். "மலை பழுப்பா இருக்கு. ரெண்டு ஆடு நிக்குது. ஒரு வீடு, கதவு பச்சை." அவர் "ம்" என்றார். எனக்கு வர்ணித்துச் சொல்லவெல்லாம் வராது. இருந்தாலும் உள்ளதைச் சொன்னேன். காது அடைத்தது. ஏற்றம் முடிந்து சாலை இறங்கத் தொடங்கியது.

"இப்ப ஒரு வளைவுல கறுப்புப் பாறை ஒண்ணு ரோட்டு மேல குடை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். அதைத் தாண்டின உடனே ஓரமா நிறுத்து."

நிறுத்தினேன். மூன்றாவது இடம் இதுதான். சுற்றிலும் பார்த்தேன். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. கீழே வறண்ட ஓடை, அதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"இங்க என்னங்க இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

இறங்கவில்லை. முன் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தபடியே சொன்னார்.

"போன ரமலானுக்கு முன்னாடி. திப்பாவுக்கு லோடு. வெயில் ஏறலை, நல்ல வெளிச்சம். ஒரு குடும்பம் இந்த இடத்துல காரை நிறுத்திட்டுப் போட்டோ எடுத்துக்கிட்டு நின்னிருக்காங்க. வலது பக்கம். எனக்குத் தெரியல. கண்ணாடி உரசுற சத்தம் கேட்டுச்சு பாரு, அப்பதான் அங்க ஒரு கார் நிக்குதுன்னே தெரிஞ்சுது."

"யாருக்காவது..."

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. அந்தக் கார்க் கண்ணாடி மட்டும் போச்சு. அந்த ஆளு இடுப்புல ஒரு குழந்தையை வச்சுக்கிட்டு கேபின்கிட்ட வந்தான். திட்டுவான்னு பார்த்தேன். திட்டல. 'நீ எங்களைப் பார்க்கலையா?'ன்னு மட்டும் கேட்டான். போலீஸ் வந்து பேப்பர் எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டான். நான் இங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். லோடைக் கொட்டிட்டு, மறுநாள் சாவியை நானே கொண்டுபோய்க் கொடுத்துட்டேன்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. கண் டெஸ்டில் தேறவில்லை என்று கம்பெனி அவரை வெளியே அனுப்பியதாகத்தான் நான் நினைத்திருந்தேன். அவரும் அப்படித்தான் சொல்லியிருந்தார். கம்பெனியில் விசா வேலை பார்ப்பவரை நானே போனில் கூப்பிட்டு, "இருபத்திரண்டு வருஷம் உழைச்ச மனுஷனை இப்படியா தூக்கி எறிவீங்க? நீங்க மனுஷங்கதானா?" என்று கத்தியிருக்கிறேன். அந்த ஆள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சிஸ்டர், உங்க ஹஸ்பண்ட்கிட்ட பேசுங்க" என்று வைத்துவிட்டார். அப்போது இவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"வலது கண்ணு எப்ப போச்சு?" என்று கேட்டேன்.

"அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே."

"ரெண்டு வருஷம் ஒத்தக் கண்ணோடவா அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டினீங்க?"

"ம்."

"கண் டெஸ்ட்ல எப்படி விட்டாங்க?"

"எனக்கு முன்னாடி போனவன் எழுத்தைச் சத்தமாப் படிச்சான். மனப்பாடம் பண்ணிக்கிட்டேன்."

நான் தினமும் முப்பது பேருடைய எலும்பைப் பார்க்கிறேன். மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் டாக்டருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். வாரம் ஒரு நாள், கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்பிலிருந்து வந்து என்னோடு சாப்பிட்டு என் பக்கத்தில் படுத்து எழுந்து போன மனுஷனின் கண் எனக்குத் தெரியவில்லை. அவர் எப்போதும் என் வலது பக்கமாக உட்கார்ந்ததும், நான் நீட்டிய டம்ளரைத் தடவி வாங்கியதும் அந்தக் காரில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

எனக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வந்ததில்லை. "கட்டில் மூணுன்னு நான் சொன்னதுக்கு அவ்வளவு பேசினீங்களே! நீங்க எத்தனை நாள் எங்கிட்ட மறைச்சீங்க? அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா? உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா? ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தா ஒரு கண்ணையாவது காப்பாத்தியிருக்கலாமேங்க!"

"சொன்னா வண்டி போயிடும். புள்ளையைக் காலேஜ்ல சேர்க்கணும்ல."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான்."

ஒரு டிப்பர் எங்களைக் கடந்து போனது. கார் லேசாக ஆடியது. அவர் முகம் தன்னால் அந்தச் சத்தத்தோடு திரும்பிப் போய், திரும்பி வந்தது. "காலி வண்டி" என்று முணுமுணுத்தார். நான் காரை எடுத்தேன்.

திப்பாவில் கடல் தெரிந்தபோது நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. காற்று மாறியிருந்தது. கடற்கரை ஓரமாக நிறுத்தினேன். அவர் தானே இறங்கி, காரைத் தடவிக்கொண்டே முன்பக்கம் வந்து நின்றார். எவ்வளவு நேரம்தான் கோபத்தோடு உட்கார்ந்திருப்பது? நானும் இறங்கினேன்.

"எப்படி இருக்கு?"

"சாம்பல் கலரா இருக்கு. வானமும் அதே கலர். எங்க முடியுதுன்னு தெரியல. தூரத்துல கப்பல் நிக்குது, பதினோரு கப்பல்."

"பதினொண்ணா?"

"எண்ணித்தான் சொல்றேன்."

செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் கணுக்கால் அளவு இறங்கினார். பேன்ட்டை மடித்துவிட நான் குனிந்தபோது என் தலைமேல் கையை வைத்துக்கொண்டார். பிடிமானத்துக்குத்தான். ஆனாலும் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

பிதியாவில் அந்தப் பள்ளிவாசல் நான் நினைத்ததைவிட ரொம்பச் சின்னது. மண்ணும் கல்லும் வைத்துக் கட்டியது, மேலே நான்கு சின்னக் குமிழ்கள். பின்னால் குன்றின் மேல் ஒரு காவல் கோபுரம். படி ஏறலாமா என்றேன். ஏறினோம். ஒவ்வொரு படிக்கும் "படி, படி" என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் படி உடைந்திருந்ததைக் கவனிக்காமல் நான்தான் தடுக்கினேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்து நிறுத்தினார். இறங்கி வந்த வெள்ளைக்காரத் தம்பதி எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். மேலிருந்து ஒரு பக்கம் ஈச்ச மரங்களும் அதற்குப் பின்னால் மலையும், இன்னொரு பக்கம் கடலும் தெரிந்தன. சொன்னேன். இவ்வளவுதானா என்று கேட்டார். இவ்வளவுதான் என்றேன்.

கொர்ஃபக்கானில் ஒரு மலையாளி கடையில் மீன் சாப்பிட்டோம். முள்ளை எடுத்துத் தட்டில் வைத்தேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அவர் அவசரமாகச் சாப்பிட்டு எழுந்துவிட்டார். கடற்கரையில் பட்டம் விடுகிறார்கள், போய் உட்காரலாம் என்று நான் சொன்னபோது, "போதும், வீட்டுக்குப் போவோம்" என்றார். அந்தக் கடற்கரையையும் சேர்த்து, கவரில் இன்னும் மூன்று இடங்கள் பாக்கி இருந்தன.

திரும்பும்போது புது ரோட்டில் வந்தேன். வந்த வழியே போகலாம் என்று அவர் சொல்லவில்லை. அந்த ரோட்டில் அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. அவர் ஓட்டமெல்லாம் பழைய பாதையில்தான். அதனால் அவரிடம் சொல்ல வழி எதுவும் இல்லை. நான் போனில் மேப்பைப் போட்டேன். அந்தப் பெண் குரல் பேசியது. அவர் தடுக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் வரும் வெளியூர்க்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

முதல் குகைப் பாதைக்குள் கார் நுழைந்தது. சத்தம் மாறியது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்ப இருட்டா இருக்கா, இல்ல எனக்கு மட்டுமா?"

"மலைக்குள்ள போறோங்க. சுரங்கம். லைட்டு போட்டிருக்காங்க, ஆனா வெளியில இருந்த வெளிச்சம் இல்ல. எனக்கும் இருட்டாத்தான் தெரியுது."

"நெசமா?"

"நெசமாத்தான்."

வெளியே வந்ததும் மூச்சு விட்டார். அப்புறம் இன்னும் சில சுரங்கங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னாலேயே சொல்லிவிட்டேன். வழியில் ஒரு அணைக்கட்டு வந்தது. பச்சைத் தண்ணீர், சுற்றிலும் குடும்பங்கள், குழந்தைகள் வாத்துக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்கள். நிறுத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். மணி மூன்றுகூட ஆகவில்லை, ஷார்ஜா வந்துவிட்டோம்.

புதன்கிழமை ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலி கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். அதில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தார். தள்ளிக்கொண்டு போக வந்த நேபாளி, "பாபா, இதில் வந்தால் க்யூ கிடையாது" என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். கண்ணாடிக் கதவு வரை கூடவே நடந்தேன். அதற்கு மேல் என்னை விடவில்லை. அவர் இடது கையைத் தூக்கி ஆட்டினார். நான் நின்ற பக்கம் அல்ல, வேறு பக்கம் பார்த்து ஆட்டினார். நான் ஓடிப்போய் அந்தப் பக்கம் நின்றேன். அவருக்குத் தெரிந்திருக்காது.

இருந்த அறையைக் காலி செய்துவிட்டு, நான்கு பெண்கள் தங்கும் ஒரு ரூமில் கீழ்க்கட்டிலுக்கு மாறினேன். அவர் ஊரில் தன் தம்பி வீட்டில் இருக்கிறார். மகளிடம் அந்த வளைவில் நடந்ததைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகு தோன்றியது. அவள் தன் படிப்பால்தான் எல்லாம் என்று எடுத்துக்கொண்டு, இரண்டு வாரம் அவரோடும் பேசவில்லை, என்னோடும் பேசவில்லை. இப்போது சனிக்கிழமை தோறும் ஹாஸ்டலிலிருந்து போய் அவரைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

போன மாதம் அவள்தான் சொன்னாள், இடது கண்ணில் தெரிந்துகொண்டிருந்த வெளிச்சமும் போய்விட்டது என்று. பொங்கலுக்கு முன்பே போய்விட்டதாம். அவர் என்னோடு தினமும் பேசுகிறார். சாப்பிட்டேன், வெயில் அதிகம், கரண்ட் இல்லை என்று எல்லாம் சொல்கிறார். இதை மட்டும் சொல்லவில்லை. நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. போனில் கேட்கிற விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை. லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆகஸ்டுக்கு முன்னால் கிடைக்காது என்கிறார்கள்.